பூஜ்யம்

வருடத்திற்கு ஒருமுறை எங்கள் தீவில்
கொடுத்தவர் பெயரையும் கொடுத்த தொகையையும்
கோயிலில் உரக்க வாசிப்பார்கள்.
வாசிப்பவன் நான்.
பதினாறு வருடமாகப் பொருளாளர்.
ஆணி, தகரம், சிமெண்டு விற்கும் கடையும்
லிஃபுகாவில் என்னுடையதுதான்.
கணக்குத் தெரிந்தவன் என்பார்கள்.

இடுப்பில் பாய் சுற்றிக் குடும்பம் குடும்பமாக
எழுந்து வருவார்கள்.
எனாமல் பேசினில் விழும் நோட்டுகளில் மீன் வாடை.
ஆக்லாந்தில் இரவெல்லாம் அலுவலகத் தரை துடைக்கும்
பிள்ளைகள் அனுப்பியதில் எந்த வாடையும் இருக்காது.
மொடமொடப்பாய் இருந்தால் வங்கிக் கடன்.
விரலுக்குத் தெரியும்.

"பௌலியாசி குடும்பம், ஆயிரத்து இருநூறு பாங்கா."
கைதட்டல். பின்வரிசையில் யாரோ எழுந்து ஆடினார்கள்.
"என் குடும்பம், மூவாயிரம்."
சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.
தாழ்த்தினால்தான் நன்றாகக் கேட்கும்.

அடுத்த உறை லோசலினியுடையது.
உள்ளே பணமில்லை.
பள்ளி நோட்டில் கிழித்த ஒரு துண்டு:
இந்த வருடம் பூஜ்யம். அப்படியே வாசிக்கவும்.

போதகர் மின்விசிறியைப் பார்த்தார்.
வருடமெல்லாம் பாறைகளில் பேய்க்கணவாய் பிடித்து
உலர்த்தி விற்பவள்; கையில் காசில்லாதவள் அல்ல.
எங்கே போனது என்று
எனக்கு மட்டும் தெரியும்.

மார்ச்சில், புயல் அடித்த மறுவாரம்
கடைக்கு வந்தாள்.
இருபத்திரண்டு தகரம், நான்கு கிலோ ஆணி.
கூரை அவளுடையதல்ல, ஹவேயாவுடையது.
அவன் பன்றிகள் அவள் கிழங்குத் தோட்டத்தை
இரண்டு முறை கிளறிப் போட்டவை.
அவன் கோயில் படி மிதித்து ஆறு வருடம்.
"யார் வாங்கியதென்று சொல்ல வேண்டாம்,"
என்றாள், எண்ணி வைத்துவிட்டு.

புயலுக்கு முன் தகரம் ஒன்று நாற்பது.
பின் அறுபத்தைந்து.
கப்பல் வரவில்லை என்றேன்.
கப்பல் வராததும் உண்மை,
தகரம் முன்பே வந்து என் கிடங்கில் கிடந்ததும் உண்மை.
கணக்குத் தெரிந்தவன் அல்லவா:
என் மூவாயிரத்தில் ஐந்நூற்றைம்பது அவளுடையது.
என் பெயரில் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தது.

"லோசலினி," என்றேன். "பூஜ்யம்."
அந்தச் சொல்லை அவ்வளவு மரியாதையாக
அதுவரை நான் உச்சரித்ததில்லை.
யாரும் தட்டவில்லை.
ஒரு குழந்தை மட்டும் பழக்கத்தில் தட்டிவிட்டு
அம்மாவின் முகத்தைப் பார்த்தது.
அவள் எழுந்தாள், இடுப்புப் பாயை இறுக்கினாள்,
எல்லோரையும் போலவே தலை குனிந்து
உட்கார்ந்தாள்.

அங்கேயே நான் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
விருந்தில் பன்றி பதமாய் வெந்திருந்தது.
இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

இரவு மழை.
ஹவேயாவின் வீடு எங்கள் வேலிக்குப் பின்னால்.
அறுபத்தைந்து அறுபத்தைந்து அறுபத்தைந்து
என்று
விடிய விடியப் பெய்தது.

காலையில் ஐந்நூற்றைம்பதை உறையிலிட்டுக்கொண்டு போனேன்.
கல்லில் கணவாயை அடித்துக்கொண்டிருந்தாள்.
ஈரக் கையைத் துடைக்கவில்லை, நீட்டவுமில்லை.
"மார்ச்சில் உன்னிடம் வாங்கியது நான் ஒருத்தியா?
பட்டியல் வைத்திருப்பாயே."
இன்னும் இரண்டு அடி அடித்தாள்.
"ஹவேயாவின் சமையல் கொட்டகை திறந்து கிடக்கிறது.
ஏணி இருந்தால் எடுத்து வா."

பட்டியல் இருந்தது. நூற்றுப் பதினேழு பெயர்.
கோயிலில் வாசிக்கிற பட்டியல் அல்ல,
வீடு வீடாக நடக்கிற பட்டியல்.
இன்னும் முப்பது வீடு பாக்கி.

முதலில் ஏணி.
வாயில் ஆணிகளைக் கவ்வியிருந்ததால்
யாரிடமும் எதுவும் சொல்ல முடியவில்லை.
கீழே நின்று ஹவேயா தகரம் எடுத்துக் கொடுத்தான்,
அவனும் எதுவும் கேட்கவில்லை.
வலது கை செய்வது இடது கைக்குத்
தெரியக் கூடாதாம்.
சுத்தியல் பிடிக்கத் தெரியாதவனிடம்
சொல்லிப் பாருங்கள்.
இடது கட்டைவிரல் நகம் இன்னும் கறுப்பு.
கடையில் யாராவது கேட்டால்
கதவு நசுக்கியது என்கிறேன்.